காலுக்கு முன் தரை

காடை வளர்ப்பவனுக்கு ஊரில் தனி மரியாதை எதுவும் கிடையாது. மாடு வைத்திருப்பவரிடம் நாலு பேர் நின்று விசாரிப்பார்கள். சண்டைச் சேவல் வைத்திருப்பவர் மீசையை முறுக்கிக்கொண்டு நடக்கலாம். புறா வளர்ப்பவருக்கு மொட்டை மாடியே ஒரு ராஜ்ஜியம். காடை என்றால் மட்டும் "முட்டைக்கா, கறிக்கா?" என்று ஒரே கேள்விதான். "ரெண்டுக்கும் இல்லை, வீட்டில் ஆசைக்கு வளர்க்கிறோம்" என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நிற்க முடியாத குஞ்சு ஒன்றின் காலில் பிளாஸ்திரி ஒட்டி, அலகோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைப்பதையும் அவர் பார்த்துவிட்டால் அந்தச் சிரிப்பு பரிதாபமாக மாறிவிடும். பரிதாபம் குஞ்சின் மேல் அல்ல, நம் மேல்.

அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. பத்து கிராம்கூட எடை இல்லாத ஓர் உயிருக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று நானும் கேட்டுக்கொண்டதுண்டு. கேட்கக் கேட்க, கேள்வி குஞ்சை விட்டு நகர்ந்து அது நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது. அது எப்படி நகர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காடை நம் மண்ணுக்குப் புதிதல்ல. மழை பெய்து புல் எழும்பிய தரிசில் மறைந்திருந்து குரல் கொடுக்கும் காட்டுக் காடைகள் இங்கே காலங்காலமாக இருப்பவை. பரத்தையர் வீட்டுக்குப் போய்வந்த தலைவன், காடைச் சண்டை பார்த்துவிட்டு வருவதாக மனைவியிடம் சாக்குச் சொல்லும் பாட்டு கலித்தொகையிலேயே இருக்கிறது. அந்தக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வீட்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. ஜப்பானில் முதலில் அதைக் குரலுக்காகக் கூண்டில் வைத்திருந்தார்கள். முட்டைக்காகப் பெருக்கியதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் அந்த வளர்ப்பு வழிகள் ஏறக்குறைய அழிந்துபோயின. மிஞ்சியவற்றை வைத்து மறுபடி தொடங்கினார்கள். 1974இல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் என்றும் நாமக்கல் என்றும் பெயரிட்டுச் சொந்த ரகங்களையே உருவாக்கியது.

இந்தப் பறவையின் வாழ்வில் எல்லாமே அவசரம்தான். 10 முதல் 12 கிராம் எடையுள்ள புள்ளி போட்ட முட்டை 17 அல்லது 18 நாளில் பொரிகிறது. வெளியே வரும் குஞ்சின் எடை 7 கிராம் சொச்சம்; கையிலிருக்கும் பத்து ரூபாய் நாணயம் எவ்வளவோ அவ்வளவு. ஆறு, ஏழு வாரத்தில் அதுவே முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல தீவனமும் வெளிச்சமும் கிடைத்தால் ஓர் ஆண்டில் 250 முட்டைக்கு மேல் இடும். ஒவ்வொரு முட்டையும் தாயின் எடையில் ஏழு, எட்டு சதவீதம். வீட்டில் கவனித்து வளர்த்தாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இத்தனை முட்டையிட வைக்கும்போது மனிதன் ஒன்றைத் தொலைத்தும் விட்டான். வளர்ப்புக் காடை பெரும்பாலும் அடைகாக்காது. மாலை மங்குவதற்குள் முட்டையை இட்டுவிட்டு, அது யாருடையதோ என்று நகர்ந்து போய்விடும். நாட்டுக்கோழி கண் சிவக்க உட்கார்ந்து, கிட்டே போனால் கொத்துமே, அந்தப் பிடிவாதம் இதனிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக முட்டையை எடுத்து எடுத்து, இயந்திரத்தில் பொரிக்க வைத்து, உட்காராத பெட்டைகளையே நாம் பெருக்கியிருக்கிறோம். உட்கார்ந்த நாளில் அது முட்டையிடாதே! ஆக, இந்த இனத்துக்கு இன்று தாய் என்பது 37.5 டிகிரி வெப்பத்தில் ஓடும் இன்குபேட்டர். முட்டையைத் திருப்பிப்போடும் கை நம்முடையது. ஈரப்பதத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நாமே. மின்சாரம் போனால் பதறுவதும் நாமே.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஊனமான குஞ்சைப் பிறர் உதவியில் வாழ்வது என்றும், நல்ல குஞ்சைத் தானாக வாழ்வது என்றும் பிரித்துப் பேசுகிறோம். காடையைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. எந்தக் குறையும் இல்லாத குஞ்சுகூடப் பெரும்பாலும் மனிதனின் ஏற்பாடு இல்லாமல் பிறக்க முடியாது. யாருக்கு எவ்வளவு உதவி என்பதில் மட்டும்தான் வேறுபாடு.

முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்கின்றன. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், மூச்சுவிடத் தொடங்கிய குஞ்சுகளிடமிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை வரும். முட்டையைக் காதருகே பிடித்தால் நமக்கே கேட்கும். 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை வைத்து இந்த ஓசையை ஆராய்ந்தார். ஒட்டி வைத்த முட்டைகள் இந்த ஓசையால் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று கண்டார். பின்தங்கியது சற்று விரைகிறது. முந்துவது சற்றுத் தாமதிக்கிறது. வெவ்வேறு வேளையில் பொரிய வேண்டிய முட்டைகள் சில மணி நேர இடைவெளிக்குள் பொரிந்துவிடுகின்றன. தரையில் கூடு கட்டும் பறவைக்கு இது உயிர்ப் பிரச்சினை. தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஓட்டுக்குள் கிடப்பது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் ஓட்டுக்குள் இருக்கும்போதே ஒன்றுக்காக ஒன்று வேகத்தை மாற்றிக்கொள்கின்றன.

இயந்திரத்தில் இந்த ஒழுங்கு சில சமயம் கெடும். ஒரு மூலை சூடாகவும் ஒரு மூலை ஆறியும் இருக்கலாம். முட்டை பல நாள் சேர்த்து வைத்ததாக இருக்கலாம்; பேருந்தில் குலுங்கி வந்ததாக இருக்கலாம். எல்லாம் வெளியே வந்து உலர்ந்து பஞ்சாக ஓடும்போது ஒன்று மட்டும் ஓட்டில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு அப்படியே கிடக்கும். நமக்குக் கை பரபரக்கும். ஓட்டை உரித்து எடுத்துவிடலாமா? பழகியவர்கள் பொறு என்பார்கள். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள்கருவின் மீதியை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டின் உட்சவ்வில் ரத்தநாளங்கள் இன்னும் வற்றியிருக்காது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும், உதவியே கொலையாகிவிடும். உதவிக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையைத் தீர்மானிப்பது நம் தவிப்பல்ல, குஞ்சின் உடல்.

வெளியே வந்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ, மேலே ஒரு குண்டு பல்பு, வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் போதும். குளிர்ந்தால் பல்புக்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். அடியில் சிக்கியது நசுங்கும். சூடு அதிகமானால் ஓரங்களுக்கு ஓடி வாயைத் திறந்து இரைக்கும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வைக்க வேண்டும். அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகக்கூடிய பிள்ளை இது. தீவனத்தில் புரதம் 24 சதவீதமாவது இருக்க வேண்டும். பொடியாகவும் இருக்க வேண்டும், அந்த அலகுக்குள் போகிற அளவில். இவையெல்லாம் காடை வளர்க்கும் எவருக்கும் சீக்கிரம் பழகிவிடும்.

எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுவது தரை. பெட்டிக்குள் செய்தித்தாள் விரிப்பது நம் வழக்கம். அழுக்கானால் சுருட்டி எறியலாம், காசும் இல்லை. ஆனால் வழவழப்பான தாளில் அந்த நூல்போன்ற கால்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. குஞ்சு எழுந்து நிற்க முயலும், ஒரு கால் வெளிப்பக்கம் வழுக்கும். மறுபடி முயலும், இன்னொரு காலும் வழுக்கும். பிறந்த முதல் நாட்களில் எலும்பும் தசைநாரும் இளசு. எப்படி வைத்தோமோ அப்படியே இறுகும். சில நாளில் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, குஞ்சு நெஞ்சைத் தரையில் தேய்த்து நீந்தத் தொடங்கிவிடும். முட்டைக்குள்ளேயே கால் கோணிப்போவதும் உண்டு. அதற்கு வெப்பக் கோளாறும் முட்டையில் குஞ்சு கிடந்த கிடையும் காரணமாகலாம். ஆனால் வீடுகளில் பார்க்கும் விரிந்த கால்களில் பல, நல்ல காலாகப் பிறந்து தரையால் கெட்டவை.

முதல் இரண்டு, மூன்று நாளுக்குள் கவனித்தால் இதைத் திருத்திவிடலாம். மெல்லிய பிளாஸ்திரியை நூலகலத்துக்குக் கத்தரித்து, இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் நிற்கும்படி ஒரு பாலமாக ஒட்டுவார்கள். பசை தோலில் படாமல் நடுவில் மடித்துக்கொள்ள வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், தளர்த்தினால் பயன் இல்லை. முதல் சில மணி நேரம் குஞ்சு விழுந்து விழுந்து எழும். அப்போது அடியில் சொரசொரப்பான துணியோ, அடுக்களை ஷெல்ஃபில் விரிக்கும் ரப்பர் விரிப்போ இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் பிளாஸ்திரி மட்டும் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. கட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வழுக்கும் தரையில் கட்டுப்போட்ட காலும் வழுக்கத்தான் செய்யும். இந்த ஒரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சிகிச்சையில் பாதி குஞ்சின் உடம்பிலேயே இல்லை.

மற்றக் கோளாறுகளையும் இதே கண்ணோடு பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. விரல்கள் உள்ளே மடங்கி, முட்டியால் நடக்கும் குஞ்சுகள் உண்டு. ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமின் போதாமல் கால் நரம்பு பாதிக்கப்படுவது அதற்கு முக்கியமான ஒரு காரணம். அந்தக் குறை குஞ்சின் தீவனத்தில் இருக்கலாம்; குஞ்சு பிறப்பதற்கு முன்பே தாய்க்காடை தின்ற தீவனத்திலும் இருந்திருக்கலாம். தலை பின்னால் வளைந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குஞ்சுக்கு பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். கழுத்து திருகிப்போவதற்கு வைட்டமின் ஈ குறைவும் காரணமாகலாம், தலையில் பட்ட அடியும் காரணமாகலாம். மாதக்கணக்காக வெயில் படும் கடையில் கிடந்த தீவன மூட்டையில் வைட்டமின்கள் குறைந்துகொண்டே போகும். தலையில் அடி எப்படிப் படும் என்கிறீர்களா? மிரண்டால் காடை நேர்மேலாக எழும்பும். கூண்டின் கூரை கம்பியாக இருந்தால் மண்டை போய் அதில் மோதும். கூரைக்கு அடியில் துணி கட்டிவிட்டால் அந்த அடியே இல்லை.

இவை எல்லாவற்றிலும் துன்பம் குஞ்சின் உடம்பில் இருக்கிறது. அது தொடங்கிய இடம் மூட்டையிலோ கூரையிலோ தரையிலோ தாயின் தட்டிலோ இருக்கிறது. நாம் பார்ப்பது உடம்பை மட்டும். அதனால் குஞ்சுக்கு ‘நொண்டி’ என்று பேர் வைத்துவிடுகிறோம்.

தீவனக் கடை அண்ணனிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். அவர் பல ஆண்டு பண்ணை வைத்திருந்தவர். "சார், நொண்டி விழுந்தா எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. ஆயிரம் இறக்குனா கொஞ்சம் கழியத்தான் செய்யும். அதுக்கெல்லாம் வைத்தியம் பாத்தா தீவனக் காசு யாரு குடுப்பா?" என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் குஞ்சு இறக்கும் இடத்தில் ஒவ்வொரு காலையும் குனிந்து பார்க்க ஆள் கிடையாது. அந்தக் கணக்கில்தான் பண்ணை நிற்கிறது, குடும்பமும் நிற்கிறது. பேச்சு முடியும் நேரத்தில் அவரே வேறொன்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு சார், ஒரே தடவைல நெறைய நொண்டி விழுந்துச்சுன்னா குஞ்சைப் பாக்கக் கூடாது, கொட்டாயப் பாக்கணும்." ஒன்று விழுந்தால் அது குஞ்சின் தலையெழுத்து. பல விழுந்தால் கொட்டகையின் கோளாறு. எண்ணிக்கை கூடினால்தான் நம் கண் உடம்பை விட்டு இடத்துக்குத் திரும்புகிறது. ஒன்றே ஒன்று விழும்போதும் அப்படித் திரும்பினால் என்ன?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய பதிலைச் சொன்னதும் காடைக் குஞ்சுகள்தான், அதுவும் பூமிக்கு வெளியே. நெடுந்தூர விண்வெளிப் பயணத்தில் முட்டைக்கும் இறைச்சிக்கும் எந்தப் பறவை உதவும் என்று சோவியத் விஞ்ஞானிகள் யோசித்தபோது ஜப்பானியக் காடையைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன உடம்பு, வேகமான வளர்ச்சி, கொஞ்ச இடம் போதும். 1990 மார்ச்சில் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்த இன்குபேட்டரில் காடை முட்டைகள் பொரிந்தன. விண்வெளியில் பிறந்த முதல் பறவை காடைக் குஞ்சு என்ற பெருமை அப்படி வந்தது. பொரிந்த குஞ்சுகளின் உடல் பெரிதும் இயல்பாகவே வளர்ந்திருந்தது. காலும் இறகும் அலகும் உரிய இடத்தில் இருந்தன. ஆனால் அவற்றால் வாழ முடியவில்லை. எடையற்ற வெளியில் கால் ஊன்ற இடமில்லை. குஞ்சுகள் மிதந்தன, சுழன்றன. தீவனம் அருகில் இருந்தும் நின்று கொத்த முடியவில்லை. அசையாமல் பிடித்து நிறுத்தினால்தான் தின்ன முடிந்தது. அவை நீண்ட நாள் பிழைக்கவில்லை.

அந்தக் குஞ்சுகளின் கால்களில் என்ன குறை? பூமியில் பொரிந்திருந்தால் அன்றே ஓடியாடியிருக்கும் கால்கள். தரையை எடுத்துவிட்டதும் அத்தனையும் ஊனமாயின. செய்தித்தாளில் வழுக்கும் குஞ்சுக்கு நடப்பதும், மிர் நிலையத்தில் மிதந்த குஞ்சுக்கு நடந்ததும் வகையில் ஒன்று. முன்னதற்குத் தரையில் பிடிமானம் குறைவு, பின்னதற்குத் தரையே கிடையாது. நடை என்பது காலும் தரையும் சேர்ந்து செய்யும் காரியம். அதில் ஒன்று தவறும்போது பழி முழுவதையும் காலின் மேல் எழுதிவைப்பது நம் பழக்கம்.

இதைச் சொல்லிவிட்டு, எல்லாக் குறையும் இடத்தால் வந்தது, இடத்தை மாற்றினால் தீரும் என்று முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். பிளாஸ்திரிக்கும் வைட்டமினுக்கும் துணி விரிப்புக்கும் கட்டுப்படாத குஞ்சுகள் உண்டு. கண் இல்லாமல் பிறப்பவை உண்டு. கழுத்து நேராகாமலே வளர்பவை உண்டு. கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்திக் கொத்தித் தலையை ரணமாக்கிவிடும். பறவைகளுக்கு இரக்கம் பாடத்திட்டத்தில் இல்லை. தனியே வைத்தாலோ, கூட்டம் தேடிக் கத்தும் கத்தலை வீடே தாங்காது. அதனால் சாதுவான ஒரு துணைக்குஞ்சைக் கூட வைப்பார்கள். துணை கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தப் பழகும். தட்டைத் தாழ்த்தி, தீவனத்தை எப்போதும் ஒரே மூலையில் வைத்து, தண்ணீருக்கு நிப்பிள் பொருத்தி, அடியில் மெத்தென்று உமியும் துணியும் போட்டுக் கொடுத்தால், கண் தெரியாத காடை அந்த இரண்டடிப் பெட்டியை மனப்பாடம் செய்துவிடும். மணல் தட்டை அதுவே தேடிப்போய்ப் புரண்டு குளிக்கும். பெட்டையாக இருந்தால் முட்டையும் இடும். அதன் குறை அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குறையால் நின்றுபோன காரியங்கள்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்கின்றன.

அதற்கும் வழியில்லாத நிலை வருவதுண்டு. தின்ன முடியாமல், வலியில் துடித்து, நாளுக்கு நாள் இளைக்கும் உயிரை ‘நான் காப்பாற்றுவேன்’ என்று இழுத்துக்கொண்டே போவதில் அன்பைவிட நம் கர்வம்தான் அதிகம் இருக்கும். அப்போது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வலியில்லாமல் முடித்துவைக்கக் கேட்பதும் வளர்ப்பவன் கடமைதான். ஆனால் அந்த முடிவுக்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்: மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோமா? விரிப்பு, வெப்பம், தட்டு, தீவனம், துணை. இவற்றைத் தொடாமலே குஞ்சின் விதியைத் தீர்மானித்தால் அதற்குக் கருணை என்று பெயர் வைக்க முடியாது.

மனிதரையும் காடையையும் நான் ஒப்பிடவில்லை. மனிதர் தமக்கு என்ன வேண்டும் என்று தாமே சொல்லக்கூடியவர், சொல்லிக்கொண்டும் இருக்கிறார். நான் ஒப்பிடுவது பார்க்கிறவனின் கண்ணை. குஞ்சைப் பார்க்கும் அதே கண்தான் மனிதரையும் பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதைவிட முக்கியமானது, மாற்றுத்திறனாளி யார் என்று அது வகுக்கும் விதம். நீண்டகாலக் குறைபாடு ஒன்று தடைகளோடு மோதும்போது, ஒருவர் மற்றவரைப் போலச் சமூகத்தில் முழுமையாகப் பங்குபெற முடியாமல் போகிறது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உடலில் இருக்கும் குறைபாடு பாதி. வழியில் நிற்கும் தடை பாதி. அந்த இரண்டாம் பாதி நம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பேருந்தில் ஏற முடியாதவர் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், படி தாழ்ந்ததும் ஏறினார்கள். மெரினாவில் மணல் தாண்டி அலை வரைக்கும் போவது சக்கர நாற்காலிக்கு முடியாத காரியமாக இருந்தது. 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் போய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தவர்களின் உடம்பில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. மாறியது தரை மட்டுமே.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வீட்டுக் குளியலறைக்குப் போவோம். கண்ணாடியாய்ப் பளபளக்கும் டைல்ஸ் போடுகிறோம், சோப்பு நீர் ஓடுகிறது, பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி கிடையாது. பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், "வயசாயிடுச்சு, கால் தளர்ந்துபோச்சு, இனிமே கட்டில்லயே இருக்கட்டும்" என்கிறோம். கால் தளர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தரையில் பேரனும் வழுக்குகிறான். அவனுக்குச் சமாளிக்கத் தெம்பிருக்கிறது, பாட்டிக்கு இல்லை, அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய்க்குச் சொரசொரப்பான டைல்ஸும் ஒரு கைப்பிடியும் வைக்க வேண்டிய இடத்தில், ஓர் ஆளின் மிச்ச வாழ்நாளையே கட்டிலில் போட்டுவிடுகிறோம். கொட்டகையைப் பார்க்காமல் குஞ்சைப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்குள் வந்து செய்யும் வேலை இது.

இந்தப் பழக்கம் நமக்கு வசதியானது. அதனால்தான் விடமாட்டேன் என்கிறது. குறை உடம்பில் என்று முடிவு செய்துவிட்டால் நம் கடமை பரிதாபத்தோடு நின்றுவிடும். ‘ஐயோ பாவம்’ என்று சொல்லக் காசு செலவில்லை, தரையைக் கொத்த வேண்டியதில்லை, படியை இடிக்க வேண்டியதில்லை. குறையில் ஒரு பங்கு இடத்தில் என்று ஒப்புக்கொண்டால் கையில் கரணை எடுக்க வேண்டும். பல்புக்கடியில் உட்கார்ந்து ஏழு கிராம் குஞ்சுக்கு விரிப்பு மாற்றுகிறவன் செய்வது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. தன் பங்கை ஒப்புக்கொள்கிறான், அவ்வளவே. அடைகாக்கும் தாயை இந்த இனத்திடமிருந்து எடுத்துக்கொண்டது மனிதன். எடுத்ததை வேறு வடிவில் திருப்பித் தருவது கடன் அடைப்பதுதான்.

காடை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. நம்பகமான பண்ணையிலிருந்தோ அரசுக் கோழியின ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ வாங்குங்கள். காட்டுக் காடையைத் தொடாதீர்கள். ஒற்றைக் குஞ்சாக வாங்காதீர்கள். முதல் வாரம் செய்தித்தாளை விரிக்காதீர்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள். ஒரு குஞ்சு நிற்கத் தடுமாறினால் முதலில் பெட்டிக்குள் விரலை விட்டு விரிப்பைத் தேய்த்துப் பாருங்கள். காடை வளர்க்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் ஒருவர் தடுமாறினால், அவருடைய காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அவர் நிற்கும் தரையில் நீங்கள் ஒருமுறை நின்று பாருங்கள். தரை வழுக்கினால், அதை மாற்ற வேண்டியவர் நீங்கள்தான்.